சைவ்ஸா, பூண்டுச் சைவ்ஸா, வெங்காயத்தாளா: ராமநாதபுரம் கடலோர வீட்டுக்கு எது தோதுப்படும்?

கடலோரத்தில் இருந்துகொண்டு, வெங்காயத்தாள் மாதிரி ஒல்லி இலைக்காக வளர்க்கும் சைவ்ஸ் என்ற செடியின் விதையை வாங்கிப் போடலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செடிக்கு ஊற்றப் போவது எந்தத் தண்ணீர்? வீட்டுக் கிணறா, போரா, காவிரிக் குழாயா, விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீரா? மண், தொட்டி, விதை எல்லாம் அதற்கு அப்புறம்தான். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று சாயல்குடிப் பக்கம் வரைக்கும் இந்தக் கரையில் தெருவுக்குத் தெரு தண்ணீரின் ருசி மாறும். மணல்மேட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும். அதே ஊரில் நாலு வீடு தள்ளி ஆழமாகப் போர் போட்டால் வாயில் வைக்க முடியாது. வெங்காயக் குடும்பத்துச் செடிகளுக்கு உப்பு ஆகவே ஆகாது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய தோட்டக் குறிப்புகளில் இந்தக் கேள்வியே வராது. அதனால் அவற்றை மட்டும் நம்பி முடிவெடுத்தால் நமக்கு உதவாது.

போட்டியில் நிற்பவை நாலு. விதையிலிருந்து வளர்க்கும் அசல் சைவ்ஸ். விதையிலிருந்தோ பிரித்த தூரிலிருந்தோ வளர்க்கும் பூண்டுச் சைவ்ஸ். சின்ன வெங்காயத்தை ஊன்றி எடுக்கும் தாள். பூண்டுப் பல்லை ஊன்றி எடுக்கும் தாள். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்க நிற்கிற ஒரு செடி வேண்டும் என்றால் பூண்டுச் சைவ்ஸ். அடுத்த மாதமே ஆம்லெட்டில் பச்சையாகத் தூவ வேண்டும் என்றால் சின்ன வெங்காயம். இல்லை, அசல் சைவ்ஸ்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், அதை ஐப்பசிக் கடைசியில் விதைத்துப் பங்குனியோடு கணக்கு முடிக்கும் பருவப் பயிராக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது நம் வெயிலைப் பார்க்காதவர்கள் எழுதியது.

பாக்கெட்டில் இருப்பது எது?

அசல் சைவ்ஸின் இலை உருண்டையானது, உள்ளே குழல். வெங்காயத்தாளைவிட மிக ஒல்லி, வாசனையும் மென்மை. பூ ஊதா நிறம். தாவரவியல் பெயர் ஆலியம் ஸ்கீனோபிராசம். பூண்டுச் சைவ்ஸின் இலை தட்டை, குழல் கிடையாது, கசக்கினால் பச்சைப் பூண்டு வாசம் தூக்கும், பூ வெள்ளை. அதன் பெயர் ஆலியம் டியூபரோசம். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துவிட்டு வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கூச்சாய் என்று உடனே அடையாளம் சொல்வார். அங்கே சார் குவே தியோவ் என்கிற நூடுல்ஸில் முளைப்பயறோடு இதைத்தான் போட்டுப் புரட்டுவார்கள். நம் நாட்டிலும் புதிதல்ல. மணிப்பூரில் மரோய் நாகுப்பி என்ற பெயரில் கொல்லையில் வளர்த்துத் தினச் சமையலில் சேர்க்கிறார்கள்.

ஆன்லைனில் விதை விற்பவர்கள் இந்த இரண்டையும், கூடவே ஸ்பிரிங் ஆனியனையும் குழப்புவது உண்டு. மூன்றின் விதையும் கறுப்பாக, சின்னதாக, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பார்த்துப் பிரிக்க முடியாது. முளைத்துக் கொஞ்ச நாள் வரைக்கும் நாற்றுகளும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் இருக்கும் தாவரவியல் பெயரையும் பேக் செய்த தேதியையும் பாருங்கள். தேதி ஏன் முக்கியம் என்பதற்குக் கீழே வருகிறேன்.

உப்பு முதலில்

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பாசன நீரின் உப்புக்கு ஒவ்வொரு பயிருக்கும் ஒரு அளவு சொல்லியிருக்கிறது. வெங்காயத்துக்கு அது கறாரான அளவு. நம் ஊர் டி.டி.எஸ். கணக்குக்கு (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) மாற்றினால் சுமார் 500 வரைக்கும் விளைச்சலில் நஷ்டமில்லை. 1,150 வாக்கில் கால் பங்கு போய்விடும். 1,850ஐத் தொட்டால் பாதிதான் மிஞ்சும். இது வளர்ந்த வெங்காயப் பயிரின் கணக்கு. சைவ்ஸ் அதே குடும்பம் என்பதால் இதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். நூல் தடிமனில் நிற்கும் நாற்று இந்த அளவுகூடத் தாங்காது.

டி.டி.எஸ். பார்ப்பது பெரிய வேலையில்லை. ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருகிற தம்பியின் பையில் மீட்டர் இருக்கும். ஒரு டம்ளரில் தோட்டத்துத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு தடவை பார்த்ததோடு விடாதீர்கள். தை மாதம் மழைத் தண்ணீர் ஊறிய கிணறு காட்டும் எண் வேறு, வைகாசியில் அதே கிணறு காட்டும் எண் வேறு. நல்ல தண்ணீர் கடல் ஓரத்தில் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மேலே இருப்பதை மோட்டார் வைத்து இறைக்க இறைக்க, அடியிலிருந்து உப்பு ஏறி வரும்.

எண் 500க்குள் இருந்தால் மேலே சொன்ன நாலில் எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம். 500க்கும் 1,000க்கும் நடுவே என்றால் அசல் சைவ்ஸை மறந்துவிட்டுப் பூண்டுச் சைவ்ஸை முயலலாம், அதுவும் நாற்றுப் பருவத்தில் மட்டும் நல்ல தண்ணீர் கொடுத்து. 1,000ஐத் தாண்டினால் விதை எதையும் வாங்க வேண்டாம். வெங்காயத்தையும் பூண்டையும் ஊன்றுங்கள். அவை முதல் சில வாரங்கள் தங்களுக்குள் இருக்கும் சத்தை வைத்தே தாளை மேலே தள்ளிவிடும். தண்ணீர் சுமாராக இருந்தாலும் ஒரு வெட்டு நிச்சயம் கிடைக்கும். விதைக்கு அந்தக் கையிருப்பு கிடையாது.

ஏ.சி. வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வந்தது, உப்பே கிடையாது. ராத்திரி பூரா ஓடினால் ஒரு வாளிக்குப் பக்கமாகச் சேரும். ஒரு பெட்டி நாற்றுக்கு அது தாராளம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரோ நேர் எதிர், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். வீணாகப் போகிறதே என்று அதைச் செடிக்கு விடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வெங்காய இனத்துக்கு மட்டும் வேண்டாம். தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதும், இலை நுனி மட்டும் காய்ந்து பழுப்பாவதும் உப்பு ஏறியதற்கு அடையாளம். அப்போது மட்டும் தண்ணீரில் சிக்கனம் பார்க்காமல், அடி ஓட்டை வழியாக நன்றாக வடியும் வரைக்கும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஐப்பசி மழை இந்த வேலையைச் சும்மாவே செய்து கொடுக்கும். வருஷத்து மழையில் பெரும்பங்கு நமக்கு ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதத்தில்தானே.

அசல் சைவ்ஸ்: விதை போடுகிறவருக்கு

இது குளிர் நாட்டுச் செடி. விதை முளைக்க 15 முதல் 21 டிகிரி வரை இதமான வெப்பம். 25 வரை சமாளிக்கும். 30ஐ நெருங்கினால் முளைப்பு விழுந்துவிடும். பாம்பன், ராமேஸ்வரத்தில் மார்கழி ராத்திரியில்கூட 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கடல்காற்று நமக்கு வெயிலையும் குறைக்கும், குளிரையும் குறைக்கும். ஆகவே இருப்பதிலேயே குளிர்ந்த நாட்களைப் பிடித்தாக வேண்டும். ஐப்பசிப் பிற்பாதியில் விதைத்தால் தை கடைசிக்கு முதல் வெட்டு. மாசி, பங்குனியில் நல்ல அறுவடை. சித்திரை பிறந்ததும் இலை மஞ்சளிக்கும், தூர் சுருங்கும். நிழல்வலை போட்டு இழுத்துப் பிடிக்கலாம்தான்; ஆனால் வைகாசியில் ஒரு கொத்து சைவ்ஸைக் காப்பாற்ற ஊற்றும் நல்ல தண்ணீரை ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினால் குடும்பத்துக்கே உபயோகம் என்பது என் கட்சி. ஊதாப் பூவுக்காக ஆசைப்பட்டு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது பூக்கக் குளிர்காலம் ஒன்றைக் கடந்து வர வேண்டும். இங்கே அந்தப் பூவை எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள்.

விதையின் வயது இங்கே இன்னும் முக்கியம். காய்கறி விதைகளில் சீக்கிரம் செத்துப்போகிறவற்றில் வெங்காய இனத்து விதைகளும் சேர்த்தி. நல்ல நிலையில் வைத்தாலே ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. விதை சேமிப்பில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று சொல்வார்கள்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் ஆயுள் பாதியாகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி ஏறினாலும் பாதியாகும். உப்புப் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் மறுநாள் கசிந்து நிற்கும் ஊரில், பிரித்த விதைப் பாக்கெட்டை அடுக்களை அலமாரியில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் பாக்கெட்டில் இருக்கும் தேதி ஆறு மாதத்துக்கு உள்ளாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் மொத்தத்தையும் மண்ணில் கொட்டாமல், 20 விதையை எண்ணி எடுத்து நனைத்த டிஷ்யூ பேப்பரில் மடித்து, மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். இரண்டு வாரத்தில் 12, 13 முளைத்தால் நல்ல விதை. ஐந்தாறு என்றால் நெருக்கமாகப் போட வேண்டும். ஒன்றிரண்டு என்றால் பேசாமல் சின்ன வெங்காயத்துக்குப் போய்விடலாம்.

அந்த டப்பாவை எங்கே வைப்பது? மண்பானை ஓரம் குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள். உள்நாட்டில் சரி, நம் கடலோர ஈரக் காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது. ஏ.சி. அறை இருந்தால் அங்கே ஒரு மூலையில் வைப்பதுதான் சரி. அங்கேயே முளை காட்டிய விதைகளை எடுத்து நடுகிறவர்களும் உண்டு. அசல் சைவ்ஸுக்கு நான் சிபாரிசு செய்வது அந்த முறையைத்தான்.

முளைப்பு நிதானமாகத்தான் வரும். சாதாரணமாக 10 முதல் 14 நாள், சில சமயம் மூன்று வாரம். வருகிறபோது பார்த்தால் இலை நுனி முதலில் வெளியே தெரியாது. வெளிர்பச்சை நூல் ஒன்று நடுவில் மடங்கி, கொண்டை ஊசி மாதிரி இரண்டு காலையும் மண்ணுக்குள் விட்டுக்கொண்டு எழும். ஒரு கால் வேர்ப் பக்கம், இன்னொன்றின் முனையில் விதை. இரண்டு மூன்று நாளில் அந்த மடிப்பு நிமிரும். கறுப்பு விதைத்தோல் நுனியில் ஒட்டிக்கொண்டே மேலே வரும். அதைப் பிய்த்துவிடக் கை பரபரக்கும், தொடாதீர்கள், தானாக உதிரும். இந்த மடிந்த நிலையில்தான் மேல்மண் காய்ந்து இறுகினாலோ கனமழை அடித்தாலோ நாற்று உடைந்துபோகும். அதனால் விதைப்பது அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழம், மேலே ஈரச் சாக்கு, முதல் நூல் தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டுக் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் 10, 12 விதையைக் கொத்தாகவே போடலாம். கலைத்துத் தனித்தனியாக நடும் வேலை தேவையில்லை. கொத்தாகவே வளர்ந்து கொத்தாகவே வெட்டுக்கு வரும்.

பூண்டுச் சைவ்ஸ்: விதையா, தூரா?

வெயில் தாங்குவதில் அசல் சைவ்ஸுக்கும் இதற்கும் ரொம்ப தூரம். விதை முளைக்க 20 முதல் 25 டிகிரி இதம், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஒரு தடவை தூர் கட்டிவிட்டால் சித்திரை வெயிலில் வளர்ச்சி மந்தமாகுமே தவிர, பாதி நிழலும் தண்ணீரும் கிடைத்தால் நின்றுவிடும். ஆடி கழிந்து மழை பிடித்ததும் மறுபடி தளதளவென்று வரும். ஆனால் விதையிலிருந்து வளர்த்தால் முதல் வருஷம் பொறுமை வேண்டும். மூன்று நாலு மாதத்தில் வெட்டத் தொடங்கலாம் என்றாலும், இலை ஒல்லியாகத்தான் இருக்கும். இரண்டாம் வருஷம்தான் அகலமான இலையைப் பார்க்கலாம்.

தூர் கிடைத்தால் அந்தக் காத்திருப்பே இல்லை. வளர்ந்த கொத்தைப் பிடுங்கி, ஐந்தாறு கிழங்காகப் பிரித்து, இலையைப் பாதியாகக் கத்தரித்து ஊன்றினால் ஐந்தாறு வாரத்தில் வெட்டலாம். மதுரைப் பக்கம் போகும்போது நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ மாடித்தோட்டம் போட்டிருக்கும் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது. ஈரத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தால்கூட ஒன்றும் ஆகாது. ஆக, தூர் கிடைத்தால் தூர், கிடைக்காவிட்டால் விதை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விதைக்கு ஒரே ஒரு சாதகம் உண்டு: இருபது முப்பது கொத்து தேவைப்படுகிறவர்களுக்கு அது மலிவு. ராமேஸ்வரத்தில் தங்கும் விடுதி, சின்ன உணவகம் நடத்துகிறவர்கள் அப்படி யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இது பூத்து விதை கட்டினால் உதிர்ந்த இடமெல்லாம் முளைக்கும். சில நாடுகளில் களையாகவே பரவியிருக்கிறது. வெள்ளைப் பூ அழகுதான். இதழ் வாடத் தொடங்கியதும் தண்டோடு கிள்ளிவிடுங்கள். மொட்டோடு இருக்கும் இளந்தண்டையும் சமைக்கலாம், ருசியாகவே இருக்கும்.

சின்ன வெங்காயமும் பூண்டும்

இந்த இரண்டையும் ஒப்பீட்டில் சேர்த்ததற்கு சைவ்ஸ் பிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் சட்டிக்குள் போகப்போவது ஒரு கைப்பிடி பச்சை, அவ்வளவுதான் என்றால் இவற்றை மிஞ்ச ஆளில்லை.

கடையில் வாங்கும்போது புதுசாகப் பிடுங்கி வந்த பளபளப்பான வெங்காயத்தை விட்டுவிட்டு, பழசில் தலையில் பச்சை எட்டிப் பார்ப்பதைப் பொறுக்குங்கள். புது வெங்காயம் கொஞ்ச காலம் உறங்கும். பழசுக்கு உறக்கம் கலைந்திருக்கும். சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்ததே இதற்குப் போதும். தலை லேசாக வெளியே தெரிய, நாலு விரல் இடைவெளியில் ஊன்றினால் ஒரு வாரத்தில் பச்சை, மூன்று நாலு வாரத்தில் வெட்டு. ஒரு வெங்காயத்திலிருந்தே மூன்று நாலு தண்டு வரும் என்பதால் சின்ன வெங்காயம்தான் தோது, பல்லாரி வேண்டாம். இரண்டு மூன்று வெட்டுக்கு அப்புறம் சத்துத் தீர்ந்து தாள் மெலியும். பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த கைப்பிடியை ஊன்ற வேண்டியதுதான். வாரம் ஒரு வரிசை என்று ஊன்றி வந்தால் வருஷம் முழுக்கத் தாள் இருக்கும். கனமழை மாதத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி அழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதையிலிருந்துதான் வளர்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குச் சின்ன வெங்காயத்திலும் வழி உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ஆன் 5 ரகம் விதை கட்டுகிற சின்ன வெங்காயம். நாற்று விட்டு நடலாம். குளிர் நாட்டு விதையைக் கூரியரில் வரவழைத்து வாடவிடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

பூண்டுப் பல் ஊன்றினால் மூன்று வாரத்தில் தட்டையான தாள் வரும். நம் வெப்பத்தில் கிழங்கு கட்டாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். வாசனையில் பூண்டுச் சைவ்ஸுக்கு மிக அருகில் வரும். ஒரு வெட்டு, மிஞ்சினால் இரண்டு. பூண்டு விற்கும் விலைக்கு அடிக்கடி ஊன்றக் கை வராது. முளைவிட்ட பல் இருக்கும்போது மட்டும் செய்யலாம். பூண்டுச் சைவ்ஸின் ருசி வீட்டில் செல்லுபடியாகுமா என்று சோதிக்க இது நல்ல வழி. பூண்டுத் தாளையே பிள்ளைகள் ஒதுக்கினால் அந்த விதைக்கு எதற்குச் செலவு?

ஸ்பிரிங் ஆனியன் விதை கிடைக்கிறது, நன்றாகவும் முளைக்கும், இரண்டு மாதத்தில் தாள் வெட்டலாம். ஆனால் சின்ன வெங்காயம் அதே வேலையை அதில் பாதி நாளில் செய்யும்போது நான் அதற்கு இடம் ஒதுக்க மாட்டேன்.

சட்டியில் யார் ஜெயிக்கிறார்கள்?

அசல் சைவ்ஸ் சூடு கண்டால் வாசனையை விட்டுவிடும். அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டியது. அவித்த உருளைக்கிழங்கு, கட்டித் தயிர், ஆம்லெட், சூப் இவற்றில்தான் அதன் மதிப்புத் தெரியும். நம் மீன் குழம்பில் போட்டால் புளியும் மிளகாயும் அதை விழுங்கிவிடும், போட்டதே தெரியாது. பூண்டுச் சைவ்ஸ் வாணலிச் சூட்டைத் தாங்கும். இறாலோ கணவாயோ வதங்கி இறக்கப் போகும் நேரத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டு இரண்டு புரட்டு புரட்டினால் தனி ருசி. முட்டைப் பொரியலுக்கும் அப்படியே. சின்ன வெங்காயத்தாள் எல்லாவற்றுக்கும் ஆகும்: பருப்பு போட்டுப் பொரியல், அடை மாவில் கலக்க, நண்டு சூப்பில் மேலே தூவ. மென்மையில் மட்டும்தான் சைவ்ஸுக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படிக்காக மூன்று மாதம் காத்திருப்பீர்களா என்பதே இங்கே கேள்வி. சமையலில் அவ்வளவு நுணுக்கம் பார்க்கிறவர்கள் காத்திருப்பார்கள், அதில் தப்பில்லை.

பெட்டி, காற்று, பூச்சி

எதை வளர்த்தாலும் மாடியில் கறுப்புப் பையைவிட, மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி உத்தமம். வேருக்கு வெயில் ஏறாது, ஈரமும் நிற்கும். கரையோரத்தில் விளிம்பு உடைந்த பெட்டி கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் ஐஸ் தண்ணீரும் மீன் உப்பும் ஊறியிருக்கும். நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஊறவைத்துக் கொட்டிவிட்டு, அடியில் ஓட்டை போட்டுப் பயன்படுத்துங்கள். கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது. செம்மண், நன்றாக மட்கிய ஆட்டு எரு, அலசிப் பிழிந்த தென்னை நார்க் கழிவு மூன்றும் சரிபங்கு போதும். நார்க் கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால்தான் அலசச் சொல்கிறேன்.

மண்டபம், பாம்பன் மாதிரி இரண்டு பக்கமும் கடல் உள்ள இடத்தில் காற்றுக்குத் தக்கபடி பெட்டியை மாற்றி வைக்க வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரைக்கும் தென்கடல் பக்கத்துக் காற்று உப்புச் சாரலை வாரி வரும். மழைக்காலத்தில் வாடை வடகடலிலிருந்து. அந்தந்தப் பக்கத்தில் பனையோலைத் தட்டி ஒன்று கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் இலைமேல் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவிவிடுங்கள். தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி மாற்ற முடிவதும் ஒரு வசதி. தரையில் நட்டால் அது கிடையாது.

இலையில் வெள்ளிக் கீறல் மாதிரி தெரிந்தால் இலைப்பேன். வறண்ட நாட்களில் வரும். வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சாயங்காலம் அடித்தால் அடங்கும். மற்ற தொல்லை எல்லாம் கோழிதான். கிளறிப் போட்டுவிடும், மேலே வலை போடுங்கள். நாய், பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வெங்காய இனம் எதுவும் அவற்றுக்கு விஷம். கடித்து விளையாடும் இடத்தில் வைக்க வேண்டாம்.

வெட்டும்போது கையால் பிய்க்காமல் கத்தரிக்கோலால், அடியில் இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டுங்கள். ஒரு கொத்தை மொத்தமாக வழித்தால் அதை மூன்று வாரம் விட்டுவிட்டு அடுத்த கொத்துக்குப் போக வேண்டும். வெட்டு முடிந்ததும் மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லி கணக்கில் கலந்து ஊற்றினால் இலை சீக்கிரம் எழும்.

விதை வாங்குவதாக முடிவு செய்தவர்கள் ஆடித் தள்ளுபடியைப் பார்த்து அவசரப்பட்டு ஆர்டர் போடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் நம் ஈரக் காற்றில் கிடந்தால் விதைக்கும் நேரத்தில் பாதி செத்திருக்கும். புரட்டாசி பிறந்த பிறகு போட்டால் போதும், டிஷ்யூ சோதனைக்கும் நேரம் இருக்கும். மிச்ச விதையைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கூடவே வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு ஸ்பூன் போட்டு இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த ஐப்பசிக்கு மறுபடி 20 விதையை எண்ணி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் மண்ணில் போட வேண்டும்.